ஊர்பேர் தெரியாத புடலங்காய்

என் அண்ணியைப் பற்றி எழுதுவதென்றால் எரிச்சலோடுதான் எழுத முடியும். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவர் என்பதற்காக இல்லை. அதற்கு எரிச்சல்பட வேண்டியவன் அண்ணன், அவன் படுவதில்லை. எனக்கு என்ன கஷ்டமென்றால், காலையில் வீட்டிலும் அவர் முகத்தில்தான் விழிக்கிறேன், ஆபீசுக்குப் போனால் எதிர் நாற்காலியிலும் அவர்தான் உட்கார்ந்திருக்கிறார். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் அவரே. அதனால் வாய்விட்டுத் திட்டவும் முடியாது.

எங்கள் ஆபீஸ் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருக்கிறது. மற்ற கம்பெனிகளின் சர்வர்களைக் கண்காணிப்பதுதான் தொழில். வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் சர்வரிலும் ஒரு சின்ன புரோகிராமைப் போட்டு வைத்திருப்போம். அது ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எங்கள் சர்வருக்கு ரிப்போர்ட் அனுப்பும். எல்லாம் நலமென்றால் அண்ணியின் திரையில் பச்சை, கோளாறென்றால் சிவப்பு. சிவப்பு வந்தால் அண்ணி அது என்னவென்று பார்த்துச் சொல்வார், நான் உடனே வாடிக்கையாளருக்கு போன் போடுவேன். அவர்கள் நம்மைக் கூப்பிடுவதற்கு முன்னால் நாம் அவர்களைக் கூப்பிட்டுவிட வேண்டும். எங்கள் தொழிலில் மானம் மரியாதை எல்லாம் அதில்தான் இருக்கிறது.

இதில் ஒரு தொல்லை உண்டு. எங்கள் வாடிக்கையாளர் பட்டியலிலேயே இல்லாத ஏதாவது ஒரு மெஷின் திடீரென்று எங்களுக்கு ரிப்போர்ட் அனுப்ப ஆரம்பிக்கும். விலகிப்போன வாடிக்கையாளர் புரோகிராமை அழிக்க மறந்திருப்பார், அல்லது யாராவது தங்கள் மெஷினுக்கு எங்களிடம் சொல்லாமல் பேரை மாற்றியிருப்பார்கள். இப்படி வருவதற்கு ஆபீசில் 'அழையா விருந்தாளி' என்று பேர். சாதாரணமாக அண்ணி இரண்டு போனில் ஆளைக் கண்டுபிடித்து அனுப்பிவைத்துவிடுவார். அவருடைய பாச்சா பலிக்காத ஒரே விருந்தாளி புடலங்காய்.

பேருக்குக் காரணம் இருக்கிறது. எங்களிடம் முன்பு ஒருவன் வேலை பார்த்தான். ஆள் உயரம், எல்லாரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். டிஸ்குகளுக்கு பி, சி, டி என்று எழுத்தைப் பேராக வைத்தால் போனில் சொல்லும்போது ஒன்று இன்னொன்றாகக் காதில் விழுகிறது என்று, அவன் அமைத்துக் கொடுக்கும் சர்வர்களில் எல்லாம் காய்கறிப் பேர் வைப்பான். சுரைக்காய், வெண்டைக்காய், முள்ளங்கி. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. ஏசியை எத்தனையில் வைப்பது என்பதில் முதலாளியோடு முட்டிக்கொண்டு அவன் வேலையை விட்டுப் போனான். தனியாகக் கான்டிராக்ட் எடுத்துச் செய்வதாகக் கேள்வி.

ஒருநாள் காலையில் அண்ணியின் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்து நின்றது. புடலங்காய் என்ற டிஸ்க் தொண்ணூற்றாறு சதவீதம் நிறைந்துவிட்டதாம். நெட்டை அமைத்த பழைய சர்வர்களை எல்லாம் அண்ணி வரிசையாகப் பார்த்தார். சுரைக்காய் இருந்தது, முள்ளங்கி இருந்தது, புடலங்காய் மட்டும் எங்கள் வாடிக்கையாளர் யாரிடமும் இல்லை. ரிப்போர்ட் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இன்டர்நெட் கம்பெனியின் பேர்தான் தெரிந்தது. அவர்களைக் கேட்டால் வாடிக்கையாளர் விவரத்தை வெளியே சொல்லமாட்டோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். தொண்ணூற்றாறு தொண்ணூற்றேழு ஆனது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அந்தச் சனியன் வந்து கத்திவிட்டுப் போனது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. சிவப்பு வந்தால் அண்ணியின் போனும் அதிரும். சோற்றில் கை வைத்தால் அதிரும், துணி காயப்போடும்போது அதிரும். எட்டாவது படிக்கிற என் அண்ணன் மகள், "அம்மா, புடலங்காய் உங்கள கூப்பிடுது" என்று போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். முழங்காலில் ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருக்கும் என் அண்ணன், "அதுக்கும் ஒரு தட்டு போட்டுரு, வீட்டு மனுஷன் மாதிரி ஆயிருச்சு" என்பான். என் அம்மா மட்டும் உண்மையிலேயே கவலைப்பட்டு, "யாரோ என்ன அவசரமோ, எடுத்துப் பேசேம்மா" என்று அண்ணியிடம் சொல்வாள். அது பேசுகிற ஜாதி இல்லை என்று அம்மாவுக்குப் புரியவைக்க எங்களால் முடியவில்லை.

சிரித்துக்கொண்டிருந்தபோதே வினை வந்தது. எங்கள் வாடிக்கையாளர்களிலேயே பெரியவர்கள், பஸ் டிக்கெட் முன்பதிவு செய்யும் கம்பெனிக்காரர்கள். அவர்கள் சர்வர் சிவப்பானபோது திரையில் புடலங்காயின் கூச்சல் அடுக்கடுக்காக நிரம்பி, அவர்களுடைய வரி கண்ணுக்குத் தெரியாமல் கீழே போய்விட்டது. நாங்கள் கூப்பிடும் முன் அவர்கள் எங்களைக் கூப்பிட்டார்கள். போனை எடுத்தவள் நான். அன்றைக்கு வாங்கிய திட்டு இந்த ஜென்மத்துக்குப் போதும்.

முதலாளி தன் அறையிலிருந்து நேரே அண்ணியிடம் வந்தார். கோபம் வந்தால் அவர் சத்தமாகப் பேசுவதில்லை, ரொம்ப மரியாதையாகப் பேசுவார். அது இன்னும் மோசம்.

"அம்மா, ஒரே ஒரு வரி. நம்ம பட்டியல்ல இல்லாத மெஷின் எது அனுப்பினாலும் வாசல்லயே தள்ளிவிடுன்னு சர்வர்ல ஒரு வரி எழுதினா முடிஞ்சுது. எத்தனை தடவ சொல்லிட்டேன்?"

"எழுதலாம் சார். ஆனா அது யாருன்னு தெரிஞ்சிக்கிட்டு எழுதுறேனே. நம்மகிட்ட சொல்லாம பேர மாத்தின வாடிக்கையாளரா இருந்தா என்ன பண்றது? முன்னாடி அப்படி ஆயிருக்கு."

"வெள்ளிக்கிழமை டிக்கெட் கம்பெனிக்காரங்க நேர்ல வராங்க. இந்தத் திரைய பாக்கணுமாம். அன்னைக்கு இதுல ஒரு ஊர்பேர் தெரியாத ரிப்போர்ட் இருந்தாலும் அவங்க போயிருவாங்க. அவங்க போனா நீங்களும் இந்த சீட்ல இருக்க முடியாது. நான் தப்பா சொல்றேன்னு நெனைக்காதீங்க."

தப்பாகத்தான் சொன்னார். வீட்டில் இப்போது சம்பளம் வருவது அண்ணி கையிலிருந்தும் என் கையிலிருந்தும்தான். அண்ணன் எழுந்து நடக்க இன்னும் நாளாகும். அண்ணியை அனுப்பினால், அண்ணி சொல்லிச் சேர்ந்த என்னை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார்கள்?

அன்று பஸ்ஸில் அண்ணியைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணி, யாருக்கோ டிஸ்க் ரொம்பினா நமக்கென்ன? நம்ம வாடிக்கையாளரும் கெடையாது, நயாபைசா தேறாது. எழுதித் தொலைங்களேன் அந்த வரிய."

"டிஸ்க் ரொம்பினா நானும் விட்டுருவேன். அந்த ரிப்போர்ட்ல கீழ இன்னொண்ணு வருது, பாத்தியா?"

நான் எங்கே பார்த்தேன்? சிவப்பாக வந்தால்தான் என் கண்ணில் படும். புடலங்காய்க்குக் கீழே வெள்ளையாக இரண்டு வரிகள் வருமாம். 'ஒன்று' என்று எழுதி ஓர் எண், 'இரண்டு' என்று எழுதி ஓர் எண். இந்த அளவைத் தாண்டினால் சிவப்பாக்கு என்று யாரும் அதற்குச் சொல்லிவைக்கவில்லை, அதனால் நிறமே இல்லை. ஒன்று எப்போதும் நாலிலேயே நிற்கிறது. இரண்டு மட்டும் கொஞ்ச நாளாக மேலே ஏறுகிறது என்றார் அண்ணி.

"மதியம் ஏறுது, ராத்திரி எறங்குது. ஆனா முன்னாடி எறங்கின அளவுக்கு இப்ப எறங்கல. கம்ப்யூட்டருக்கு ஏது மதியம்? இது எங்கயோ ஒரு ரூமோட சூடு."

"எந்த ரூமு?"

"அதத்தான் யோசிக்கிறேன்."

யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். யோசித்துக்கொண்டே சமைத்ததில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. என் அம்மாவுக்குச் சர்க்கரை, தினமும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மருந்தை எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்த அண்ணி மூடாமல் அப்படியே நின்றார். "என்னம்மா, கரண்டு செலவாகுது" என்று அம்மா கேட்டும் நகரவில்லை. பிறகு அந்த ஊசி மருந்து அட்டைப்பெட்டியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். இரண்டு டிகிரியிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைக்கவும் என்று அதில் போட்டிருந்தது.

"ஒண்ணு, நாலு டிகிரி. ரெண்டு, இன்னைக்கு மதியம் ஏழரை. யாரோ மருந்து வெச்சிருக்காங்க."

எனக்கு அதுவரை இருந்த எரிச்சல் பயமாக மாறியது. உண்மையைச் சொன்னால், எரிச்சல் போகவில்லை, பயமும் கூடச் சேர்ந்துகொண்டது. ஊரில் எத்தனையோ பேர் கம்ப்யூட்டர் தட்டுகிறார்கள். மருந்துப் பெட்டியின் சூடு தேடிப்பிடித்து என் அண்ணி மடியில்தானா வந்து விழ வேண்டும்?

மறுநாள் காலையில் நெட்டையின் நம்பரைத் தேடி எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். முதலாளி இன்னும் வந்திருக்கவில்லை. மூன்று தடவை அடித்தபின் எடுத்தான். புடலங்காய் என்று எங்கேயாவது பேர் வைத்தாயா என்று அண்ணி கேட்டார்.

"புடலங்காயா? இருக்கலாம் அக்கா. எத்தனையோ எடத்துல போட்டிருக்கேன், எது எங்கன்னு யாருக்கு ஞாபகம்?"

"குளிர் ரூமு ரெண்டு இருக்குற எடம். மருந்து."

"ஓ, அந்த மருந்துக் கிடங்கா. அதுக்கு அவங்களுக்கே தனியா கண்காணிப்பு சர்வர், திரை எல்லாம் வெச்சுக் குடுத்துட்டேனே. ரிப்போர்ட் அங்கதான் போகும்."

"இங்க வருது."

"எப்படி வரும்?"

"நீதான் சொல்லணும். நம்ம ஆபீஸ் புரோகிராம அப்படியே காப்பி பண்ணிக்கிட்டுப் போனியா?"

விஷயம் அதுதான். எங்களிடமிருந்து போகும்போது புரோகிராமை முழுசாக நகலெடுத்துக்கொண்டு போயிருக்கிறான். ரிப்போர்ட் எங்கே போக வேண்டும் என்ற விலாசம் அதற்குள்ளேயே இருக்கிறது. டிஸ்குக்குப் பேர் வைக்கத் தெரிந்த மகானுக்கு அந்த விலாசத்தை மாற்றத் தோன்றவில்லை. டிஸ்க் நிறையும்வரை எல்லாம் பச்சையாக வந்ததால் இங்கே யார் கண்ணிலும் படவில்லை. "மாத்தினேன்னுதான் நெனைக்கிறேன்" என்று இழுத்தான். வெளியூரில் இருப்பதாகவும் வியாழக்கிழமை சாயந்திரம்தான் வர முடியும் என்றும் சொல்லி, கிடங்கின் நம்பரைக் கொடுத்தான். நான் அவனைச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

அண்ணி கிடங்குக்குப் போன் போட்டார். மேற்பார்வையாளர் பேசினார். பேசினார் என்ன, பாய்ந்தார்.

"யாரு நீங்க? எங்க ரூமு சூடு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க மெஷின் எங்களுக்கு அனுப்புதுங்க. தப்பான எடத்துக்கு வருது. உங்க ரெண்டாவது குளிர் ரூம..."

"எங்க திரையில பிரச்சினை பூஜ்யம்னு போட்டிருக்கு. எல்லாம் பச்சையா இருக்கு."

"கடைசியா எப்ப பூஜ்யம் இல்லாம காட்டுச்சு?"

"காட்டினதே கெடையாது. நாங்க அவ்வளவு நல்லா வெச்சிருக்கோம்."

அண்ணி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "சார், அது பச்சை இல்ல. காலி. அதுக்கு எந்தச் செய்தியும் வரல. அத்தனையும் இங்க வருது. நீங்க தயவுசெஞ்சு எந்திரிச்சுப் போய் அந்தக் கதவத் திறந்து..."

"உங்க கம்பெனி பேரச் சொல்லுங்க முதல்ல."

அண்ணி சொன்னார். பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். அந்த ஆள் போனை வைத்துவிட்டு நேரே எங்கள் முதலாளிக்குப் போட்டிருக்கிறார். எங்கள் தகவலைத் திருடுகிறீர்கள், உள்ளே புகுந்து வேவு பார்க்கிறீர்கள், வக்கீலைப் பார்க்கப்போகிறோம் என்று ஒரு பாட்டம். முதலாளி அப்போதுதான் படியேறி வந்துகொண்டிருந்தார். அன்றைக்கு மரியாதை எல்லாம் காற்றில் போய்விட்டது.

"ஊரான் வீட்டு விஷயத்துல மூக்க நுழைக்கறதுக்கா சம்பளம் குடுக்கிறேன்? இப்ப, இந்த நிமிஷம், என் கண்ணு முன்னாடி அந்த வரிய எழுதுங்க!"

அண்ணி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றார். விசைப்பலகையை முதலாளி பக்கமாக நகர்த்தினார்.

"நீங்களே எழுதிருங்க சார். யார் எழுதினாங்கன்னு சர்வர்ல பேர் பதிவாகும், வேற ஒண்ணுமில்ல. நாளைக்கு அந்த மருந்து கெட்டு, யாராவது வந்து கேட்டா, தெரிஞ்சுதான் தள்ளிவிட்டோம்னு நீங்க சொல்லிக்கலாம்."

முதலாளி விசைப்பலகையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என்னையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, அது அடிக்கவே இல்லை, "ஹலோ" என்று சொல்லிக்கொண்டே தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போகும்போது, "வெள்ளிக்கிழமை, ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

எனக்கு அழுகையாக வந்தது. அண்ணி திரையைக் காட்டினார். இரண்டு, எட்டைத் தொட்டிருந்தது. இன்னும் மதியம்கூட ஆகவில்லை.

மேற்பார்வையாளர் இனி போனை எடுக்கமாட்டார். கிடங்கின் பொது நம்பருக்கு அடித்தேன். வாசல் காவலாளி எடுத்தார். அண்ணி போனை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"அண்ணே, ஒரு சின்ன உதவி. ரெண்டாம் நம்பர் குளிர் ரூமு இருக்குல்ல, அங்க போய் உள்ள எப்படி இருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்றீங்களா?"

"நான் கேட்டுல நிக்கிற ஆளும்மா. உள்ள போனா திட்டுவாங்க."

"வாசல்ல நின்னே எட்டிப் பாருங்க போதும். நான் லைன்லயே இருக்கேன்."

அவர் நல்ல மனுஷன், போனார். செருப்புச் சத்தம் தேய்ந்து போய், ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்தது.

"பாத்தேம்மா. உள்ள நல்லா இதமா இருக்கு."

"இதமாவா?"

"ஆமாம்மா. முன்னெல்லாம் கிட்ட போனாலே வெடவெடன்னு வரும், இப்ப அப்படி இல்ல. டிராலி போக வர வசதியா கதவுக்கு ஒரு பெட்டிய முட்டுக் குடுத்து வெச்சிருக்காங்க. மேல ஃபேனு ஒண்ணு ஐஸு கட்டிப்போய் நிக்குது, சுத்தல."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். "அண்ணே, இதே வார்த்தைய, இதமா இருக்குன்னு, அப்படியே உங்க மேற்பார்வையாளர்கிட்ட போய்ச் சொல்லுங்க. இப்பவே."

அதன் பிறகு எங்களுக்குப் போன் வரவில்லை. திரைதான் செய்தி சொன்னது. இரண்டு முதலில் அசையாமல் நின்றது, பிறகு மெல்ல இறங்கியது. மாலையில் நாலரைக்கு வந்தது. அண்ணி அப்போதுதான் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். நான் அவருக்கு ஊட்டிவிடாத குறை. வியாழக்கிழமை சாயந்திரம் நெட்டை போய், டிஸ்கைக் காலி செய்து, விலாசத்தை மாற்றினான். எட்டைத் தாண்டினால் சிவப்பாக்கு என்றும் அதற்குச் சொல்லிவைத்தானாம். புடலங்காய் எங்கள் திரையைவிட்டுத் தொலைந்தது.

வெள்ளிக்கிழமை டிக்கெட் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். திரை முழுக்கப் பச்சை. சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். அவர்களை லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டுவந்த முதலாளி, முகமெல்லாம் பல்லாக அண்ணியிடம் வந்தார்.

"பாத்தீங்களாம்மா? ஒரே ஒரு வரி. நான் சொன்ன அன்னைக்கே எழுதியிருந்தா இந்த அலைச்சலே இல்ல."

நான் வாயைத் திறந்தேன். மேஜைக்குக் கீழே அண்ணியின் கால் என் காலை நன்றாக மிதித்தது. "ஆமா சார்" என்றார் அவர். முதலாளி போனதும் நான் கொதித்தேன். எழுதாத வரிக்கு அந்த ஆள் பேர் வாங்கிக்கொண்டு போகிறார், இவர் தலையை ஆட்டுகிறார்!

"சீட்டு இருக்குல்ல? உன் சீட்டும் இருக்கு. விடு" என்றார் அண்ணி.

சரி, முதலாளிதான் அப்படி, அந்தக் கிடங்குக்காரர்களாவது ஒரு வார்த்தை நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். அவ்வளவு மருந்தைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறோம். என் அம்மாவைப்போல எத்தனை பேர் அதைப் போட்டுக்கொள்ளப்போகிறார்களோ. நாள் போனதே தவிர ஒரு வார்த்தை வரவில்லை. நான் கேட்டால், "அவங்களுக்கு வெக்கமா இருக்கும்" என்று அண்ணி சமாதானம் சொன்னார்.

அடுத்த வாரம் என் போன் அடித்தது. மேற்பார்வையாளர். குரல் வெண்ணெயாக இருந்தது. "அந்த மேடம் இருக்காங்களா?" என்றார். கடைசியில் நன்றி சொல்ல வந்துவிட்டார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆபீசில் எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு, முதலாளியின் அறைக் கதவையும் போய் லேசாகத் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.

"மேடம், உங்களால ஒரு உதவி ஆகணும். அந்தப் பையன் வந்து என்னமோ மாத்திட்டுப் போனதுலருந்து எங்க திரையில சிவப்பு சிவப்பா வருது மேடம். என் போனுக்கும் வருது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ. உக்காந்து ஒரு வாய் சாப்பிட முடியல. முன்னாடி எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? இத எப்படி நிறுத்துறதுன்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன்.

"என்ன சிவப்பு சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அதே ரெண்டாம் ரூமுதான் மேடம். ஒம்போதுன்னு போட்டிருக்கு. காலையிலருந்து இதே ரோதனை."

என் அண்ணி குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மகளை அதட்டியதில்லை, என் அண்ணனை அதட்டியதில்லை, முதலாளி அத்தனை பேசியபோதும் அடக்கமாகத்தான் பேசினார். அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் முதலாளி அறையைவிட்டு வெளியே ஓடி வந்துவிட்டார்.

"யோவ், அத நிறுத்தாத! போனக் கீழ வெச்சிட்டுப் போய்க் கதவ மூடுய்யா!"

அந்தப் பக்கம் போன் எதன்மேலோ விழுந்தது. அவர் ஓடுகிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது.